பாடலி: இரு நகர்க்கு ஒரு பெயர்

நம் முன்னோர் அருளிய நூல்களைப் பயிலுங்கால், ஊர்ப்பெயர்கள் சில நம்மை மயங்கவைத்தல் உண்டு. வடநாட்டில் ஓர் ஊருக்கும் தென்னாட்டில் ஓர் ஊருக்கும் ஒரே பெயர் வழங்குவதே அம்மயக்கத்திற்குக் காரணம். யமுனைக் கரையிலுள்ள மதுரையும் வையைக் கரையிலுள்ள மதுரையும் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. இரண்டும் சமணம் செழித்த நகரங்களாதலின், நம் நூலாசிரியர்கள் பிற்காலத்தார் மயங்காவண்ணம் 'உத்தர மதுரை', 'தட்சிண மதுரை' என அடைகொடுத்து எழுதினர். கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் தேவசேனர் இயற்றிய தரிசனசாரம், வச்சிரநந்தி ஆச்சாரியர் திராவிட சங்கத்தை நிறுவிய இடத்தைத் 'தட்சிண மதுரை' என்றே தெளிவாகக் குறிக்கின்றது.

அத்தகைய அடைமொழி இன்றி வழங்கும் மற்றொரு பெயர் உண்டு. அதுவே 'பாடலி' என்பது. மகத நாட்டுப் பாடலிபுத்திரமும், இன்றைய கடலூரின் ஒரு பகுதியாக விளங்கும் திருப்பாதிரிப்புலியூரும் இப்பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பெயரை மட்டும் கண்டு எல்லாவற்றையும் மகதத்திற்கு உரியது என்று கொள்வோமாயின், தமிழ் மண்ணில் நம் முன்னோர் ஆற்றிய அரும்பணி ஒன்றை இழந்துவிடுவோம். பெயர் வந்த இடமெல்லாம் நம் ஊரே என்று கொள்வோமாயின், பிறர்க்குரிய புகழை நமதாக்கிக்கொள்வோம். இரண்டும் வாய்மைக்கு ஏலா. ஆதலின், இப்பாடத்தில் அப்பெயரின் பொருளையும் தோற்றத்தையும் முறையாக ஆராய்வோம்.

1. பெயரின் பொருள்

பாடலி என்பது ஒரு மரத்தின் பெயர். தமிழில் 'பாதிரி' என வழங்குவதும் அதுவே. வடமொழியில் பாடலா, பாடலி என இரு வடிவிலும் வரும். மங்கிய செந்நிறமும் நறுமணமும் உடையது அதன் மலர். வடமொழியில் இளஞ்செந்நிறத்தைப் 'பாடலம்' என்று கூறுவதும் இம்மலர் பற்றியே. மருத்துவ நூலார் கூறும் தசமூலம் என்னும் பத்து வேர்களுள் பாதிரி வேரும் ஒன்று.

சங்கப் புலவர்கள் இம்மரத்தை நன்கு அறிந்திருந்தனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் பாதிரியும் இடம்பெறுகின்றது. பெரும்பாணாற்றுப்படை, யாழின் மேற்போர்த்த தோலுக்குப் பாதிரிப்பூவின் உட்புறத்தை உவமை கூறுகின்றது. இலக்கண நூலார் குரா, மரா என்பவற்றோடு பாதிரியையும் பாலைத் திணைக்குரிய பூவாக வைத்தனர். வேனிற்காலத்தில் பூப்பது பற்றியே அவ்வாறு வைத்தனர் என்க.

நம் சமயத்திலும் இம்மரத்திற்குச் சிறப்பு உண்டு. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களுக்கும் உரிய மரங்களைக் கூறும் பட்டியல்களில், பன்னிரண்டாம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ வாசுபூஜ்ய சுவாமிக்குரிய மரமாகப் பாடலி குறிக்கப்படுகின்றது.

இக்காலத்துப் பிள்ளைகள் 'பாதிரி' என்றவுடன் கிறித்தவ சமயக் குருவை நினைத்தல் இயல்பு. அச்சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து பிற்காலத்தில் வந்தது. தந்தை என்னும் பொருளது. மரத்தின் பெயருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

2. மகதத்துப் பாடலி

கங்கையும் சோணையும் கூடும் இடத்தருகே அமைந்தது மகதத்துப் பாடலி. பௌத்தர்களின் மகாபரிநிப்பான சூத்திரம் அதனைப் 'பாடலி கிராமம்' என்றே கூறுகின்றது. மகத அமைச்சர்கள் வஜ்ஜியரைத் தடுக்கும்பொருட்டு அங்கே கோட்டை கட்டிய செய்தியும் அந்நூலில் உள்ளது. எனவே, பின்னாளில் பேரரசின் தலைநகரான அவ்வூர், தொடக்கத்தில் பாடலி மரத்தால் பெயர்பெற்ற ஒரு சிற்றூரே ஆம்.

'பாடலிபுத்திரம்' என்பதற்குப் 'பாடலியின் மகன்' என்பது சொற்பொருள். ஓர் ஊர் எவ்வாறு மகனாகும் என்னும் வினாவுக்கு விடையாகப் பல கதைகள் எழுந்தன. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், பாடலி மரத்தடியில் நிகழ்ந்த ஒரு மாணவனின் திருமணத்தையும் அவனுக்குப் பிறந்த மகனையும் காரணமாகக் கூறுகின்றார். கி.பி. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரம், புத்திரகன் என்பவனும் பாடலி என்னும் அரசகுமாரியும் சேர்ந்து அமைத்த நகரம் என்கின்றது.

சமண மரபு கூறும் வரலாறு இவற்றினும் ஆழமானது. சுவேதாம்பர ஆச்சாரியர் ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பரிசிஷ்டபர்வத்தில் அது விரிவாக உள்ளது. குணிகன் என்னும் அஜாதசத்துருவின் மகன் உதாயி, தந்தை இறந்த துயரால் சம்பா நகரில் இருக்க மனமின்றிப் புதிய தலைநகருக்கு இடம் தேடுமாறு நிமித்தம் வல்லாரை அனுப்பினான். கங்கைக் கரையில் அவர்கள் ஒரு பாடலி மரத்தைக் கண்டனர். அதன் கிளையில் அமர்ந்த பனங்காடைப் பறவை வாயைத் திறந்திருக்க, பூச்சிகள் தாமே வந்து அதன் வாயில் விழுந்தன. முயலாமலே பொருள் வந்து சேரும் இடம் இதுவெனத் தேர்ந்து, அங்கே நகர் எடுக்கப்பட்டது.

அம்மரம் தோன்றிய விதத்தையும் அந்நூல் கூறுகின்றது. அன்னிகாபுத்திரர் என்னும் முதிய முனிவர் ஓடத்தில் கங்கையைக் கடந்தார். அவர் அமர்ந்த பக்கமெல்லாம் ஓடம் சாயவே, உடன் வந்தோர் அஞ்சி அவரை ஆற்றில் தள்ளினர். பகைத் தேவதை ஒன்று நீரிலேயே அவரைச் சூலத்தில் ஏற்றியது. அந்நிலையிலும் அவர் தம் நோவை எண்ணவில்லை. தம் குருதி விழுவதால் நீருயிர்கள் துன்புறுமே என்று இரங்கினார். அவ்விரக்கமே சுக்கிலத் தியானமாக முதிர, கேவல ஞானம் எய்தி முத்தி பெற்றார். அவருடைய தலையோடு அலைகளால் கரை ஒதுங்கியது. அதில் தங்கிய ஒரு பாடலி விதையே முளைத்து மரமாயிற்று.

இவை கதைகளே. ஊரின் பெயர் மரத்திலிருந்து வந்தது என்னும் செய்தியில் மட்டும் இவை யாவும் ஒன்றுபடுகின்றன. ஆயினும், சமண மரபு அந்த மரத்தையும் ஓர் அகிம்சா மூர்த்தியின் நினைவோடு இணைத்து வைத்திருப்பதை நாம் மறத்தலாகாது.

இந்நகருக்குக் குசுமபுரம், புஷ்பபுரம் என்னும் பெயர்களும் உண்டு. இரண்டும் பூநகரம் என்னும் பொருளன. ஆரியபடர் தம் கணித நூலில் குறிப்பது குசுமபுரம் என்னும் பெயரையே. கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் இதனைப் 'பாலிபோத்ரா' என்று எழுதினார். 64 வாயில்களும் 570 கோபுரங்களும் உடைய மரமதில் இதனைச் சூழ்ந்திருந்தது என்றார். இன்றைய பெயராகிய பாட்னா, நகரத்தைக் குறிக்கும் 'பட்டணம்' என்னும் சொல்லின் திரிபு. நம் கடற்கரைப் பட்டினங்களின் பெயரில் உள்ளதும் அச்சொல்லே.

நம் மரபுக்கும் அந்நகருக்கும் உள்ள உறவு நெடியது. சுதர்சன முனிவர் முத்தி எய்திய இடமாக, பாட்னாவின் குல்சார்பாக் பகுதியிலுள்ள கமல்தஹ் இன்றும் வணங்கப்படுகின்றது. 1937-ஆம் ஆண்டில் அந்நகரின் லோகானிபூரில், மௌரியர் காலத்து மெருகு பொலியும் திகம்பரத் திருமேனியின் பகுதி ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. தலையும் கால்களும் சிதைந்த அதனை மிகப் பழைய சமணத் திருவுருவங்களுள் ஒன்றாகப் பல அறிஞர் கொள்கின்றனர்.

3. தமிழகத்துப் பாதிரி

கெடில நதிப் பக்கத்திலுள்ள திருப்பாதிரிப்புலியூர் என்னும் பெயரில் இரு சொற்கள் உள்ளன. ஒன்று பாதிரி, மற்றொன்று புலியூர். தமிழகத்தில் புலியூர் என்னும் பெயர் பல ஊர்களுக்கு உண்டு. சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர் எனப்பட்டது. எருக்கத்தம்புலியூர் என்பது மற்றொன்று. எருக்கஞ்செடியால் ஒரு புலியூரை அடையாளப்படுத்தியது போலவே, பாதிரி மரத்தால் இன்னொரு புலியூரை அடையாளப்படுத்தினர். அவ்வூர்ச் சிவாலயத்தில் இன்றும் தலமரம் பாதிரியே. இறைவன் பெயர் பாடலீசுவரர். தமிழ்ப் பாதிரியும் வடமொழிப் பாடலியும் ஒன்றே என்பதற்கு இக்கோயிலே சான்றாகும்.

இவ்வூரைப் 'பாடலிபுத்திரம்' என்றே கூறும் நூல் பெரியபுராணம். கி.பி. 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார், மருள்நீக்கியார் என்னும் இளைஞர் திருவாமூரிலிருந்து பாடலிபுத்திரம் சென்று, அங்கிருந்த சமணப் பள்ளியில் கலைகளைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார் என்று கூறுகின்றார். அவரே பின்னர்ச் சைவம் சார்ந்து திருநாவுக்கரசர் ஆனார். பல்லவ மன்னனும் சமயம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அப்பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பதும் அந்நூற் செய்தி. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் சிறப்புப் பெயர்.

இந்நூல் நம் சமயத்திற்கு எதிர்நிலையில் நின்று எழுதப்பட்டது. ஆயினும், ஒரு பேரறிவாளர் கலைபயின்று தேர்ச்சி பெறத்தக்க கல்விக்கூடம் அங்கே இருந்தது என்பதை அந்நூலே ஒப்புக்கொள்கின்றது. இடிக்கப்பட்ட பள்ளியின் நினைவு, இடித்ததைப் போற்றும் நூலின் வழியே நமக்குக் கிடைத்திருத்தல் கருதத்தக்கது.

4. ஐயத்திற்குரிய மூன்று இடங்கள்

இனி, 'பாடலி' என்னும் பெயர் வரும் மூன்று இடங்களை எடுத்துக்கொண்டு, அவை எந்த நகரைக் குறிக்கின்றன என ஆராய்வோம்.

முதலாவது, சங்க இலக்கியம். குறுந்தொகையில் படுமரத்து மோசிகீரனார் செல்வம் மிக்க பாடலியைக் குறிக்கின்றார். அகநானூற்றில் மாமூலனாரும் பாடலியைப் பாடுகின்றார். தமிழ்ப் புலவர் கூறுவதால் இது தமிழகத்து ஊர் என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. முன்னவர் சோணை ஆற்றில் யானைகள் படிவதைச் சேர்த்துக் கூறுகின்றார். பின்னவர் நந்தரின் செல்வம் கங்கையில் மறைந்து கிடந்ததைக் கூறுகின்றார். சோணை, கங்கை, நந்தர் என்னும் மூன்றும் மகதத்திற்கே உரியவை. ஆகவே, சங்க நூல்களின் பாடலி வடநாட்டுப் பாடலியே.

இரண்டாவது, லோகவிபாகம். மூவுலக அமைப்பை 11 பகுதிகளாக விளக்கும் இந்நூல் இன்று சிம்மசூரி ரிஷி இயற்றிய வடமொழி வடிவில் கிடைக்கின்றது. அதன் முடிவில், முன்னர் சர்வநந்தி முனிவர் எழுதிய நூலைத் தாம் மொழிமாற்றிச் செய்ததாக அவர் கூறி, சர்வநந்தி அதனை எழுதிய இடத்தையும் காலத்தையும் குறிக்கின்றார். இடம், பாணராட்டிரத்தில் உள்ள பாடலிகம் என்னும் கிராமம். காலம், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சகம் 380. சகத்தோடு 78 கூட்டினால் கி.பி. 458 ஆகின்றது. சனி, வியாழன், சந்திரன் நின்ற நிலைகளும் சொல்லப்பட்டிருத்தலால், அறிஞர்கள் அதனை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்து நாளாகக் கணித்துள்ளனர்.

இங்கே ஐயத்திற்கு இடமில்லை. காஞ்சி மன்னன் ஆட்சியாண்டு கூறப்படுதலால் இது மகதத்துப் பாடலி அன்று. பல்லவர் நாட்டுப் பாடலி. நகரம் என்னாது 'கிராமம்' என்று கூறியிருப்பதும் நோக்குக. இதனைத் திருப்பாதிரிப்புலியூர் எனக் கொள்வதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. பாணராட்டிரம் என்பது பாணர் ஆண்ட பெரும்பாணப்பாடியாயின், அது பழைய வடஆர்க்காட்டுப் பகுதியாகும். கடலூர் அதற்குத் தென்கிழக்கே உள்ளது என்று மறுப்போரும் உளர். அம்மறுப்பு ஊரின் எல்லையைப் பற்றியதே. எவ்வாறாயினும் அது தொண்டை நாட்டையும் அதனை அடுத்த நிலத்தையும் விட்டு அகலாது. பிற்காலத்தில் பெரும் சமணப் பள்ளி இருந்ததாக அறியப்படும் பாடலி ஒன்று இப்பகுதியிலேயே இருத்தலால், பெரும்பான்மைக் கருத்தே பொருத்தம் உடையதாகத் தோன்றுகின்றது.

இச்செய்தியின் மதிப்பைச் சிறிது எண்ணுக. பல்லவர் காலக்கணக்கை வரையறுக்க வரலாற்றாசிரியர்கள் பற்றிக்கொள்ளும் உறுதியான ஆண்டுகளுள் இது ஒன்று. சிம்மவர்மன் கி.பி. 436-ஐ ஒட்டி அரசேறினான் என்பது இதனாலேயே பெறப்பட்டது. மேலும், பேரெண்களைச் சொற்களால் இடமதிப்பு முறையில் கூறி, பூச்சியத்தை 'வானம்' முதலிய சொற்களால் குறிக்கும் வழக்கமும் இந்நூலில் காணப்படுகின்றது. கணித வரலாறு எழுதுவோர் இதனைத் தவறாது குறிப்பர். ஒரு மன்னனின் மெய்க்கீர்த்தியும் செப்பேடும் தராத துல்லியத்தை, ஒரு கிராமத்தில் அமர்ந்து எழுதிய முனிவரின் நூல் தந்துள்ளது.

மூன்றாவது, ஆச்சாரியர் ஸ்ரீ சமந்தபத்திரர் பற்றிய குறிப்பு. சிரவணபெளகுளத்துப் பார்சுவநாத பசதியிலுள்ள மல்லிசேணப் பிரசஸ்தி என்னும் கல்வெட்டு கி.பி. 1129-இல் பொறிக்கப்பட்டது. சமந்தபத்திரர் முதலில் பாடலிபுத்திர நகரில் வாதமுரசு அறைந்ததாகவும், பின்னர் மாளவம், சிந்து, டக்கம், காஞ்சிபுரம், விதிசை ஆகிய இடங்களில் அறைந்து கரகாடகம் வந்ததாகவும் அது கூறுகின்றது. அவர் காஞ்சியோடு தொடர்புடையவர் என்னும் மரபு பற்றி, இப்பாடலிபுத்திரம் தென்னாட்டதே என்று கொள்வாரும் உளர்.

அக்கருத்து நமக்கு உவப்பானதே. ஆனால் உவப்பு சான்றாகாது. லோகவிபாகத்தில் இருப்பது போன்ற நாட்டுப்பெயரோ மன்னன் பெயரோ இங்கு இல்லை. உடன் கூறப்படும் இடங்களுள் பெரும்பாலானவை வடபுலத்தன. அடைமொழி இன்றிப் 'பாடலிபுத்திர நகரம்' என்றால் பாரதம் முழுவதும் அறிந்த மகத நகரையே கொள்ளுதல் முறை. வேறு வலிய சான்று கிடைக்கும்வரை அவ்வாறே கொள்ளுதல் நேர்மையாகும். அதனால் சமந்தபத்திரரின் புகழோ, காஞ்சிக்கு அவரால் வந்த பெருமையோ குறைவதில்லை.

5. பெயர் வடக்கிலிருந்து வந்ததா?

மகதத்திலிருந்து வந்த சமணர்கள் தம் நகரின் பெயரைத் தென்னாட்டு ஊருக்கு இட்டனர் என்று கூறுதல் எளிது. சான்றுகளை வரிசைப்படுத்தினால் வேறு வழி புலப்படுகின்றது. நாம் கண்டவற்றுள் கி.பி. 458-க்குரிய குறிப்பில் இருப்பது 'பாடலிகம்' என்னும் மரப்பெயர் மட்டுமே, 'புத்திரம்' இல்லை. 7-ஆம் நூற்றாண்டுத் தேவாரத்தில் வழங்குவது 'பாதிரிப்புலியூர்' என்னும் தமிழ்ப்பெயர். 'பாடலிபுத்திரம்' என்பது 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் வருகின்றது.

எனவே, தென்னாட்டு ஊரும் முதலில் தன் மண்ணில் வளர்ந்த பாதிரியாலேயே பெயர் பெற்றது எனலாம். வடமொழியிலும் பிராகிருதத்திலும் எழுதிய முனிவர்கள் அதனைப் பாடலி என மொழிபெயர்த்தனர். கல்வியாலும் பள்ளியாலும் அவ்வூர் சிறந்து விளங்கவே, புகழ்பெற்ற மகத நகரின் முழுப்பெயரும் பின்னர் வந்து பொருந்தியது. மகதத்துப் பாடலியும் ஒருகாலத்தில் கிராமம். தமிழகத்துப் பாடலியும் ஒருகாலத்தில் கிராமம். ஒன்று மற்றொன்றின் நகல் அன்று. ஒரே மரத்தின் நிழலில் தனித்தனியே வளர்ந்த இரண்டு ஊர்கள் அவை.

6. பாடத்தின் பயன்

ஊர்ப்பெயர் ஒன்றை நூலில் கண்டால் மூன்றை நோக்குக. உடன் வரும் ஆறும் நாடும் யாவை? கூறப்படும் மன்னன் யார்? அடுத்தடுத்து வரும் இடங்கள் எப்பகுதியன? இம்மூன்றும் ஒரு திசையைக் காட்டினால் துணிந்து கொள்க. காட்டாவிடில், பொதுவாக அறியப்பட்ட பொருளையே கொள்க. பொய்யாமை என்னும் அணுவிரதம் நாவுக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் பெருமையைப் பேசும்போதும் அது நம்மைக் காக்க வேண்டும். தமிழ்ச் சமணர்க்கு உரியதாக உறுதியாய் நிற்பவை பல. கி.பி. 458-இல் எழுதிய சர்வநந்தியின் ஒரு நூலே அதற்குப் போதும். ஐயமானவற்றைச் சேர்த்துப் பெருமையைப் பெருக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

கடலூர் வழியே செல்லும் நம் குடும்பத்தினர், திருப்பாதிரிப்புலியூர் என்னும் பெயர்ப்பலகையைக் காணும்போது பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைக் கூறுவாராக. சம்மேத சிகரம், பாவாபுரி யாத்திரை செல்வோர் பாட்னாவில் இறங்கும்போதும் இதனை நினைவு கூர்வாராக.

சிந்தித்து விடை காண்க:

1. பாடலி, பாதிரி என்பன ஒன்றே என்பதற்குத் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள சான்று யாது?
2. சங்க இலக்கியப் பாடலி மகதத்தது என்பதை எவ்வாறு அறிகின்றோம்?
3. லோகவிபாகம் எழுதப்பட்ட ஊர் தென்னாட்டது என்பதை உறுதி செய்யும் சொற்கள் எவை?
4. அன்னிகாபுத்திரர் வரலாறு உணர்த்தும் அறம் யாது?
5. உங்கள் ஊரின் பெயருக்குப் பொருள் என்ன? பெரியோரைக் கேட்டும், கல்வெட்டும் நூலும் பார்த்தும் எழுதுக. கேட்டது எது, சான்றால் அறிந்தது எது எனப் பிரித்து எழுதுக.